கார் மைலேஜ் டேட்டாவுல தேட எது சரி: ஏபிஐயா, ஃபைலை இறக்கி வச்சுக்கறதா, ரெடிமேட் பேக்கேஜா?

காலாப்பட்டுலயும் கடலூர்லயும் ஃபைனல் இயர் படிக்கிற பசங்க, லாஸ்பேட்டை பக்கம் சின்னதா ஆபீஸ் போட்டு வெளிநாட்டு வேலை எடுத்து செய்யறவங்க, ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒரே கேள்விதான் வருது, கார் மைலேஜ் தேடுற மாதிரி ஒரு ஆப் பண்ணணும், எந்த லைப்ரரி (ரெடியா எழுதி வச்ச கோட்) போடலாம்னு. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். அமெரிக்க அரசோட ஃபியூல்எகானமி டாட் கவ் தளத்துல இருக்கிற முழு சிஎஸ்வி ஃபைல (கமா போட்டு பிரிச்ச டேபிள்) இறக்குங்க, எஸ்கியூலைட்ல (ஒரே ஃபைல்ல அடங்கற டேட்டாபேஸ்) ஏத்துங்க, தேடுற கோட நீங்களே எழுதுங்க. ஏன்னு கீழ விவரமா சொல்றேன், எந்த வேலைக்கு இது வேணாம்ங்கறதையும் சொல்றேன்.

டேட்டா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்காவுல எரிசக்தித் துறையும் சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏவும் சேர்ந்து நடத்துற தளம் அது. 1984 மாடல் வண்டிலேருந்து இன்னிக்கு வர்ற மாடல் வரைக்கும் நாப்பத்தஞ்சாயிரம் ரெக்கார்டுக்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் சிட்டி, ஹைவே, ரெண்டும் சேர்ந்த மைலேஜ், என்ஜின் அளவு, சிலிண்டர், கியர்பாக்ஸ், எந்த எரிபொருள், புகைல எவ்ளோ கார்பன் வருதுன்னு எண்பது காலத்துக்கு (டேபிள்ல மேலேருந்து கீழ போற வரிசை) மேல ஓடுது. காசு கிடையாது, கீ வாங்க வேணாம், அடிக்கடி புதுப்பிக்கவும் செய்யறாங்க. இந்த அளவுக்கு சுத்தமா, இத்தன வருஷத்துக்கு, யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்து வச்ச மைலேஜ் டேட்டா வேற எங்கயும் கிடைக்கிறது கஷ்டம். கனடா அரசும் 1995லேருந்து இதே மாதிரி சிஎஸ்வியா குடுக்குது, அதுல 100 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னே நேரடியா இருக்கும், ஆனா காலம் எண்ணிக்கை கம்மி.

இப்ப முதல் வழி, ஏபிஐ, அதாவது நம்ம ப்ரோக்ராம் நெட் வழியா இன்னொரு சர்வர்கிட்ட டேட்டா கேட்டு வாங்கற வழி. அந்தத் தளமே ஒரு வெப் சர்வீஸ் குடுக்குது. வருஷம் கேட்டா கம்பெனி லிஸ்ட் வரும், கம்பெனி சொன்னா மாடல் லிஸ்ட் வரும், மாடல் சொன்னா அதுல என்னென்ன என்ஜின் கியர்பாக்ஸ் இருக்குன்னு வரும், அதுல ஒண்ண எடுத்தா ஒரு ஐடி நம்பர் கிடைக்கும், அந்த நம்பர வச்சு கேட்டாதான் வண்டியோட முழு விவரம். ஸ்கிரீன்ல நாலு டிராப்டவுன் வச்சு ஒவ்வொண்ணா தேர்வு பண்ண வைக்கிற ஆப்புக்கு இது கச்சிதமா இருக்கு, டேட்டாபேஸே வேணாம், எப்பவும் புது டேட்டா.

ஆனா தேடல்னு நாம சொல்றது அது இல்லையே. "லிட்டருக்கு நல்லா குடுக்கிற, 2015க்கு அப்புறம் வந்த, ஆட்டோமேட்டிக் எஸ்யூவி என்னென்ன இருக்கு" அப்படின்னுதான் ஆளுங்க கேப்பாங்க, இந்த ஏபிஐல அப்படி ஒரு கேள்விய கேக்கவே வழி இல்ல, பேர டைப் பண்ணி தேடுற வசதியும் இல்ல. அதுக்கு வருஷம் வருஷமா, கம்பெனி கம்பெனியா, மாடல் மாடலா சுத்தி ஆயிரக்கணக்குல ரிக்வெஸ்ட் அனுப்பணும், யாரோ சும்மா குடுக்கிற சர்வர அப்படி போட்டு அடிக்கறது நியாயமும் இல்ல, அதே டேட்டா முழுசா ஒரே ஃபைலா அங்கயே இருக்கும்போது.

இன்னொரு சிக்கல் இருக்கு, இது கோட் எழுதுறவங்க கவனிக்கணும். இந்த ஏபிஐ அடிப்படைல எக்ஸ்எம்எல், ஹெட்டர்ல கேட்டா ஜேசான்ல (ரெண்டுமே டேட்டா அனுப்பற வடிவம்தான்) மாத்தி குடுக்கும். அப்படி மாத்தறப்ப ஒரு மாடலுக்கு மூணு ஆப்ஷன் இருந்தா லிஸ்ட்டா வரும், ஒரே ஒரு ஆப்ஷன் இருந்தா லிஸ்ட் இல்லாம தனி ஆப்ஜெக்ட்டா வந்து நிக்கும். லிஸ்ட்னு நெனச்சு லூப் போட்ட கோட், டெமோல பாப்புலர் கார் எல்லாம் காட்டறப்ப நல்லா ஓடும், வெளிலேருந்து வர்ற எக்ஸாமினர் ஒரு ஓரத்து மாடல கேட்டாருன்னா அங்க விழுந்துடும். நம்பர் எல்லாம் ஸ்ட்ரிங்காவே வருது, அதையும் மாத்திக்கணும், இல்லன்னா "9" வந்து "30"ஐ விட பெருசுன்னு சார்ட் ஆகும்.

இந்த ஏபிஐக்கு மேல சுத்தி எழுதுன சின்னச் சின்ன ராப்பர் லைப்ரரிகள், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எல்லாம் கிடைக்கிற பைபிஐலயும் என்பிஎம்லயும் கிடைக்கும், பல பேரு "அத போட்டுக்கலாமா"ன்னுதான் கேக்கறாங்க. ஒரு விஷயம் மட்டும் பாருங்க, கடைசியா எப்ப அப்டேட் ஆச்சு, மேல சொன்ன ஒத்த ஆப்ஷன் கேஸுக்கு டெஸ்ட் எழுதியிருக்காங்களா. ரெண்டுக்கும் நல்ல பதில் இல்லன்னா விட்டுடுங்க, ஏன்னா அஞ்சு ஆறு யூஆர்எல்ல கூப்பிடற வேலைதான் அது, ஒரு சாயந்தரத்துல நீங்களே எழுதிடலாம், அடுத்தவன் விட்டுட்டு போன கோட திருத்தறத விட அது சுலபம்.

ரெண்டாவது வழி ரெடிமேட் பேக்கேஜ். ஆர் மொழில ஹாட்லி விக்கம் போட்ட ஃபியூல்எகானமின்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, இதே ஈபிஏ டேட்டாவ சுத்தம் பண்ணி பன்னெண்டு காலமா சுருக்கி வச்சது, முப்பத்திமூவாயிரம் வண்டிக்கு மேல. ஒரு வரில லோட் ஆகும், காலம் பேரெல்லாம் அழகா இருக்கும், கிராஃப் போட்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கத்துக்க இத விட நல்லது இல்ல. ஆனா டேட்டா 2015ஓட நின்னுடுது. இன்னிக்கு ஒரு ஆள் வாங்க நினைக்கிற வண்டி அதுல இருக்காது, எலக்ட்ரிக் வண்டி பேருக்கு கொஞ்சம்தான். ஜிஜிபிளாட்2ங்கற கிராஃப் பேக்கேஜ் கூட வர்ற எம்பிஜி டேட்டா இன்னும் சின்னது, 234 வரி, 1999, 2008 ரெண்டே வருஷம். ஆர் கூடவே வர்ற எம்டிகார்ஸ்னா 1974ல ஒரு பத்திரிகைல வந்த 32 கார். லேப் ரெக்கார்டுக்கு இதெல்லாம் போதும். தேடல் ஆப்புன்னு ப்ராஜெக்ட் டைட்டில்ல போட்டுட்டு இத வச்சு செஞ்சா, உள்ள தேடறதுக்கு ஒண்ணுமே இருக்காது, அது தப்பு.

எலாஸ்டிக்சர்ச் மாதிரி தனி சர்ச் சர்வர் வைக்கலாமான்னும் கேக்கறாங்க. வேணாம். அம்பதாயிரம் வரி அளவுல இருக்கிற டேட்டாவுக்கு தனியா ஒரு சர்வர், அதுக்கு மெமரி, அதுக்கு மாச வாடகை, எதுக்குங்க?

ஆக மூணாவது வழி, நான் சொல்றது. சிஎஸ்விய இறக்கி எஸ்கியூலைட்ல போட்டா ஒரே ஃபைல், லேப்டாப்ல, மொபைல்ல, அஞ்சு டாலர் சர்வர்ல எங்க வேணா ஓடும், இன்டெக்ஸ் போட்டா கண் சிமிட்டறதுக்குள்ள பதில் வரும். பைத்தான்ல எஸ்கியூலைட் கூடவே வருது, தனியா எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம். பாண்டாஸ்ங்கற பைத்தான் லைப்ரரில படிச்சு மெமரிலயே வச்சுக்கிட்டாலும் ஓடும்தான், ஒத்த ஆளு ஆராய்ச்சி பண்ண அது சௌகரியம், ஆனா வெப்சைட்டா போடறப்ப சர்வர்ல ஓடற ஒவ்வொரு வொர்க்கர் ப்ராசஸும் ஒரு காப்பி தூக்கிட்டு நிக்கும். நெட் இல்லாட்டியும் எஸ்கியூலைட் ஓடும்ங்கறது நம்ம ஊருல சின்ன விஷயம் இல்ல. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரைய கடந்தப்ப இங்க கரண்ட்டு, நெட்டு எல்லாம் என்ன கதியாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ரிவ்யூ தேதி எப்பவும் டிசம்பர் ஒட்டித்தான் வரும்.

இதுல இருக்கிற ஒரே குறை, டேட்டா பழசாகும். வாரம் ஒரு தடவ ஸ்கிரிப்ட் ஓட விட்டு ஃபைல திரும்ப இறக்கி புது டேபிள்ல ஏத்தி, வரி எண்ணிக்கை பழசை விட குறையலன்னா மட்டும் புது டேபிளோட பேர மாத்தி பழசு இடத்துல விட்டுடுங்க. ஐடி நம்பர் ஏபிஐக்கும் ஃபைலுக்கும் ஒண்ணுதான், அதனால தேடலுக்கு உங்க டேபிளு, ஒரு வண்டிய தொட்டு திறந்தா மட்டும் ஏபிஐ, இப்படி ரெண்டையும் சேத்து வைக்கலாம், ஓட்டறவங்க தாங்களே பதிவு பண்ண மைலேஜ் அந்த ஏபிஐல தனியா கிடைக்கிறதால அதுக்கு இது நல்ல பயன்.

சரி, லைப்ரரி தேர்ந்தாச்சு, நிஜமான வேலை இங்கதான் ஆரம்பிக்குது: பேரு. ஆளுங்க "எஃப்-150"ன்னு நடுவுல சின்னக் கோடு (ஹைஃபன்) போட்டு டைப் பண்ணுவாங்க, டேட்டாவுல "எஃப்150 பிக்கப் 2டபிள்யூடி"ன்னு ஒட்டி இருக்கும். "சிஎக்ஸ்5"ன்னு ஒட்டி அடிப்பாங்க, அங்க கோடு இருக்கும். "கேம்ரி"ன்னு கேப்பாங்க, சமீப வருஷங்கள்ல வந்த பல மாடல்ல அது "கேம்ரி எல்இ/எஸ்இ", "கேம்ரி எக்ஸ்எல்இ/எக்ஸ்எஸ்இ", "கேம்ரி ஹைப்ரிட் எல்இ"ன்னு பிரிஞ்சு கிடக்கும். சிவிக்னா கதவு எண்ணிக்கையும் பேர்ல சேந்துக்கும். எஸ்கியூலைட்ல வர்ற எஃப்டிஎஸ்5ங்கற வார்த்தை தேடற வசதி நல்ல சாமான், ஆனா அது கோட்ட பாத்தா வார்த்தைய ரெண்டா வெட்டும், "எஃப்" தனி "150" தனி, டேட்டாவுல இருக்கிறது ஒத்த வார்த்தை, அதனால ரிசல்ட் காலியா வரும். இதுக்கு வழி என்னன்னா, ஏத்தும்போதே இன்னொரு காலம் வச்சுக்கோங்க, அதுல எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கி, கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் எடுத்துட்டு ஒட்டி வைங்க, ஆளு டைப் பண்றதையும் அதே ஃபங்ஷன்ல போட்டு எடுத்து அப்புறம் தேடுங்க. பாதி பிரச்சனை இதுலயே தீந்துடும். சமீபமா டேட்டாவுல பேஸ்மாடல்னு ஒரு காலமும் குடுக்கறாங்க, கேம்ரி குடும்பத்த ஒண்ணா காட்ட அது ரொம்ப உதவும்.

ஸ்பெல்லிங் தப்பா அடிக்கிறவங்களுக்கு ஃபஸ்ஸி மேட்ச் (கிட்டத்தட்ட ஒத்துப் போறத கண்டுபிடிக்கறது) வேணும், அதுக்கு பைத்தான்ல ரேபிட்ஃபஸ் போடுங்க, வேகமும் இருக்கு, எம்ஐடி லைசென்ஸும் இருக்கு, கிளையண்ட் வேலைல பயமில்லாம சேக்கலாம். ஆனா கார் பேருக்கு ஃபஸ்ஸிய கண்ண மூடிட்டு விடக்கூடாது. "320ஐ"க்கும் "328ஐ"க்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம், ஸ்கோர் நெருக்கமா வரும், வண்டி வேற, என்ஜின் வேற, மைலேஜ் வேற. "டொயாட்டா"வ "டயோட்டா"ன்னு அடிச்சா மன்னிக்கலாம், நம்பர மன்னிக்க முடியாது. அதனால எழுத்து பகுதிக்கு மட்டும் ஃபஸ்ஸி, எண் இருந்தா அது அப்படியே ஒத்துப் போகணும், இந்த ஒரு விதிய போட்டுட்டா ரிசல்ட் எவ்ளோ தேறுதுன்னு பாருங்க. தமிழ்ல டைப் பண்றவங்களுக்காக கம்பெனி பேருக்கு ஒரு சின்ன மாற்றுப் பேர் டேபிளு வைங்க, நூறு வரி கூட வராது.

விஐஎன் நம்பர (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கிற அடையாள எண்) வச்சு தேடலாமேன்னு சிலர் யோசிக்கிறாங்க. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்எச்டிஎஸ்ஏ ஒரு ஏபிஐ குடுக்குது, விஐஎன் போட்டா கம்பெனி, மாடல், வருஷம், என்ஜின் எல்லாம் வரும். மைலேஜ்ங்கற விஷயமே அங்கேருந்து கிடைக்காது, ஈபிஏ டேபிளோட சேக்க பொது ஐடியும் கிடையாது, திரும்ப பேர வச்சுதான் ஒட்டணும். பழைய கார் விக்கிற அமெரிக்க கிளையண்ட் கேட்டா செய்யுங்க, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இழுத்துப் போட்டுக்காதீங்க.

அடுத்தது நம்பர், இங்கதான் நிறைய ப்ராஜெக்ட் தப்பான பதில் குடுத்துட்டு இருக்கு. காலம் பேரு காம்ப்08 (ரெண்டும் சேந்த மைலேஜ்), சிட்டி08ன்னு இருக்கும், அந்த 08 எதுக்குன்னா 2008 மாடல்லேருந்து டெஸ்ட் முறை மாறுச்சு, பழைய சிட்டி, ஹைவே ரெண்டு டெஸ்ட்டோட வேகமா ஓட்டறது, 35 டிகிரி சூட்டுல ஏசி போட்டு ஓட்டறது, குளிர்ல ஓட்டறதுன்னு மூணு சேத்தாங்க, அதுக்கு முன்னாடி வந்த வண்டிங்களோட நம்பரையும் ஒப்பிடற மாதிரி திருத்திட்டாங்க. அதனால 1990 வண்டியையும் 2020 வண்டியையும் இந்த காலத்துல ஒப்பிடலாம், நல்ல விஷயம். யூசிட்டி, யூஹைவேன்னு இருக்கிறது திருத்தாத லேப் நம்பரு, அதிகமா தெரியும், அத எடுத்து காட்டிடாதீங்க.

காம்ப்08ஐ பெருசுலேருந்து சின்னதா சார்ட் பண்ணுங்க, மேல வரிசையா எலக்ட்ரிக் வண்டியா நிக்கும். அதுல இருக்கிறது மைல் பர் கேலனுக்கு சமமான ஒரு நம்பரு, 33.7 யூனிட் கரண்ட்ட ஒரு கேலன் பெட்ரோலுக்கு சமம்னு வச்சு கணக்கு போட்டது. பெட்ரோல் வண்டியோட ஒரே லிஸ்ட்ல போட்டா பாக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது, ஃபியூல்டைப்1 காலத்த வச்சு பிரிச்சுடுங்க. பிளக் இன் ஹைப்ரிட்டுக்கு காம்ப்08ல பெட்ரோல் மைலேஜ் இருக்கும், காம்ப்ஏ08ல கரண்ட்டு. ரெண்டாவது எரிபொருள் இல்லாத சாதா வண்டிக்கு அந்த காம்ப்ஏ08 காலியா இருக்காது, சைபர் போட்டிருக்கும். கார்பன் அளவு தெரியாத பழைய வண்டிக்கு மைனஸ் ஒண்ணு. இதெல்லாம் ஏத்தறப்பவே நல் (NULL, அதாவது காலி) ஆக்கிடணும், ஆக்காம ஆவரேஜ் எடுத்தா 1980கள்ல வந்த வண்டியெல்லாம் புகையே விடாத மாதிரி கிராஃப் வரும்.

ஆவரேஜ்னு சொன்னதும் இன்னொண்ணு. மைலேஜ சும்மா கூட்டி வகுக்கக்கூடாது. சிட்டில 20, ஹைவேல 40 குடுக்கிற வண்டின்னா சேந்தது 30 கிடையாது, ஈபிஏ கணக்கு சிட்டி 55 சதவீதம், ஹைவே 45 சதவீதம்னு வச்சு தலைகீழா போட்டு கூட்டும், விடை 26 கிட்டதான் வரும். ஏன்னா செலவாகறது பெட்ரோல், மைலேஜ் அதோட தலைகீழ். 10 எம்பிஜி (ஒரு கேலனுக்கு எத்தன மைல்) வண்டிய 12 ஆக்கினா 100 கிலோமீட்டருக்கு 4 லிட்டர் கிட்ட மிச்சம், 30ஐ 32 ஆக்கினா அரை லிட்டர்தான். அதனால உள்ள கணக்கு எல்லாம் 100 கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்ங்கறதுல வைங்க, 235.2ஐ எம்பிஜியால வகுத்தா அது வந்துடும், ஸ்கிரீன்ல காட்டறப்ப மட்டும் நம்ம ஆளுங்களுக்குப் புரியற லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்னு மாத்துங்க, அதுக்கு எம்பிஜிய 0.425 ஆல பெருக்கணும். இங்கிலாந்து தளத்துலேருந்து எம்பிஜி எடுத்து கலந்துடாதீங்க, அவங்க கேலன் 4.55 லிட்டர், அமெரிக்க கேலன் 3.79 லிட்டர், அதே வண்டி இருபது சதவீதம் கூட குடுக்கிற மாதிரி தெரியும்.

வருஷ செலவுன்னு ஒரு காலம் ரெடியா இருக்கே, அத ரூபாயா மாத்தி போட்டுடலாமான்னா, கூடாது. அது வருஷத்துக்கு 15,000 மைல், அமெரிக்க பெட்ரோல் விலைன்னு வச்சு டாலர்ல போட்டது. இங்க கடலூர்க்காரங்க பாண்டில ரேட்டு கம்மின்னு முள்ளோடை, கன்னியக்கோவில் பங்க்ல போட்டுட்டு வர்ற ஊரு, விலைய ஆளே போடற மாதிரி ஒரு பெட்டி வைங்க, மாசம் எத்தன கிலோமீட்டர்ங்கறதையும் அவங்களே சொல்லட்டும்.

கடைசியா, "இந்தியா வண்டிக்கு இது ஆகுமா?" ஆகாது, அத நேர்மையா சொல்லிடணும். ஹோண்டா சிட்டி, ஐ20, கிரெட்டா எதுவும் அந்த டேட்டாவுல இல்ல, அங்க விக்கறதில்ல. ரெண்டு இடத்துலயும் வித்த வண்டியா எடுத்தாலும் நம்பர் ஒட்டாது. நம்ம மறைமலை நகர் ஃபேக்டரில செஞ்சு கப்பல்ல அமெரிக்கா போன ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டையே பாருங்க, 2018 மாடல் ஒரு லிட்டர் டர்போ, முன் சக்கர டிரைவ், அங்க சேந்த மைலேஜ் 28 எம்பிஜி, அதாவது லிட்டருக்கு 12 கிட்ட. இங்க அதே ஒரு லிட்டர் டர்போவுக்கு 2013ல ஏஆர்ஏஐ (இங்க வண்டி டெஸ்ட் பண்ற அமைப்பு) நம்பர் லிட்டருக்கு 18.88. அங்க ஆட்டோமேட்டிக், இங்க மேனுவல், அது ஒரு காரணம். பெரிய காரணம் டெஸ்ட்டு, அந்த நம்பர் வந்த நம்ம டெஸ்ட் சைக்கிள்ல வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர தாண்டாது, ஏசி ஓடாது, அங்க 129 வரைக்கும் போற ஒரு டெஸ்ட்டும் ஏசி டெஸ்ட்டும் சேந்திருக்கு. ரெண்டையும் ஒரே டேபிள்ல ஒரே காலத்துல போட்டு சார்ட் பண்ணா இந்தியா வண்டி எல்லாம் மேல வந்து நிக்கும், பாக்கறவன் நம்பி காசு போடுவான்.

இந்திய வண்டிக்கு ஈபிஏ மாதிரி திறந்த ஃபைல் கைல இல்லாததால, ப்ராஜெக்ட் கைடு இந்திய கார்தான் வேணும்னு பிடிவாதமா சொன்னா, கம்பெனி ப்ரோஷர்ல இருக்கிற ஏஆர்ஏஐ நம்பர நீங்களே ஒரு டேபிளா டைப் பண்ணுங்க, கடலூர் பாண்டி ரோட்டுல ஓடற முப்பது நாப்பது மாடல் போதும். அதுல எந்த டெஸ்ட் முறை, எந்த ப்ரோஷர், எந்த வருஷம்னு மூணு காலம் கட்டாயம் இருக்கணும். மேல சொன்ன பேர் தேடற ப்ரோக்ராம் கோட் அப்படியே அதுக்கும் ஓடும், ஈபிஏ டேபிளையும் இதையும் தனித்தனி டேபிளா வைங்க, ஸ்கிரீன்ல தனித்தனி டேபா காட்டுங்க.